வண்டியை ஓட்டியவர் பெயர்

என் கணவரின் பெயரை வெகுகாலம் நான் வாயால் சொன்னதில்லை. எழுதியிருக்கிறேன். திருவரங்குளம் யூனியன் ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுவதும் என் ஒவ்வொரு கையெழுத்திலும் அவர் பெயரின் முதல் எழுத்து எனக்கு முன்னால் நின்றது. ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் அவருடைய முழுப்பெயரை என் கையாலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எழுதினால் ஒன்றும் இல்லையாம், வாயால் சொன்னால்தான் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். கல்யாணமான புதிதில் என் மாமியார் சொல்லி வைத்தது. இவ்வளவு படித்துவிட்டு இதையெல்லாம் நம்புகிறாயா என்று மகள் கேட்பாள். நம்பவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கத் துணிச்சல் இருந்ததில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் அது ஒரு சாமியின் பெயர். அதனால் அந்தச் சாமியையும் நான் சுற்றி வளைத்துத்தான் கும்பிட வேண்டியிருக்கிறது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரையும் நட்சத்திரத்தையும் அவரே சொல்லிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் பெண் புதிதாக இருந்தால்தான் சிக்கல். பழைய சீட்டை எடுத்து நீட்டிவிடுவேன். மற்றபடி அவரைக் கூப்பிட 'ஏங்க' இருக்கிறது. அடுத்தவர்களிடம் அவரைப் பற்றிப் பேச 'எங்க வீட்டுல' இருக்கிறது. எங்க வீட்டுல அறந்தாங்கிக்குப் போயிருக்காங்க, எங்க வீட்டுல இன்னும் சாப்புடல என்று சொன்னால், புருஷனைத்தான் சொல்கிறாள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கும்.

அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அரசு பஸ் ஓட்டிய தொண்டை, தெருமுனை வரைக்கும் கேட்கும். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில் போகும் வண்டி அவருடையது. ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்கும், ஆட்டு மந்தைக்கும், திருவிழாக் கூட்டத்துக்கும் நடுவில் அந்தப் பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் என்று டெப்போவில் பெயர். அந்தப் பெருமையை அவர் வாயால் சொன்னதில்லை. வேறு யாராவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஓட்ட வண்டி இல்லை. வீட்டில் இருந்தது என் ஸ்கூட்டி ஒன்றுதான். அதில் கடைக்குப் போய்விட்டு வரும்போது முகத்தைப் பார்க்கச் சகிக்காது. யானைப் பாகனை ஆட்டுக்குட்டி மேய்க்கச் சொன்ன மாதிரி இருக்கும். ஒன்றும் கேட்க மாட்டார். பஸ் போகிற சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார், எந்தக் கியரில் போகிறது என்று.

நானும் ஓய்வு பெற்றேன். என் சம்பளக் கணக்கு இருந்த வங்கியில் பழைய கிரெடிட் கார்டை மாற்றிப் பளபளவென்று வேறொன்று கொடுத்தார்கள், கூடவே ஒரு சின்னப் புத்தகம். அப்படிப்பட்ட புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யூனியன் ஆபீஸ் புத்தி அப்படி. அதில் ஒரு மூலையில், வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்து அதற்குச் சேதம் வந்தால் கார்டின் காப்பீடு ஏற்றுக்கொள்ளும் என்று இருந்தது. மகளும் மருமகனும் கோலாலம்பூரில் வேலையில் இருந்தார்கள். வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மலேசியாவில் நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே கையைத் தட்டலாம் போல இருந்தது.

அங்கே போய் நீங்கள் கார் ஓட்டப் போகிறீர்கள் என்று சொன்னதும் நம்பாமல் என்னையே பார்த்தார். மறுநாள் காலையில் சவரம் செய்து, தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் புறப்பட்டுவிட்டார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட் எங்கள் இருவருக்குமே வாங்கினோம். எனக்கும் கார் லைசென்ஸ் உண்டு. அவர்தான் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கிய அன்றோடு நான் கார் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று.

திருச்சியில் ஏறிக் கோலாலம்பூரில் இறங்கினோம். மகள் வீட்டில் கார் இல்லை, இருவரும் ரயிலில்தான் வேலைக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் கேமரன் மலைக்குப் போய் வருவதாக முடிவானது. மகளுக்கு அரை மனசு.

வாடகைக் கார் கவுன்டரில் ஒரு தம்பி, தங்கள் கம்பெனியின் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என் கார்டின் காப்பீடு செல்ல வேண்டுமானால் அவர்கள் விற்பதை மறுத்துவிட வேண்டும், வாடகை முழுவதையும் அதே கார்டில் கட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் முதல் பெயர் கார்டுக்காரருடையதாக இருக்க வேண்டும், யார் யார் ஓட்டுவார்களோ அவர்கள் பெயரும் ஏறியிருக்க வேண்டும். புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்துவிட்டேன். அந்தத் தம்பி பயமுறுத்துகிற மாதிரி இரண்டு மூன்று விஷயங்கள் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்து, அவங்க சொல்றதையும்தான் வாங்கித் தொலையேன் என்று முணுமுணுத்தார். நான் இம்மியும் நகரவில்லை. இரண்டாவது டிரைவர் பெயர் என்ன என்று கேட்டபோது மட்டும் சட்டென்று அவர் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அந்தத் தம்பி அதை வாசித்த வாசிப்பில் சாமியே மயிலை விட்டு இறங்கி ஓடியிருக்கும்.

அவசரத்தில் எந்தச் சாமி என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை, அந்தச் சாமிக்கு ஏகப்பட்ட பெயர்.

கார் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியரை மாற்ற வேண்டாம். அவர் குனிந்து கால் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கிளட்ச் இல்லாத வண்டி என்ன வண்டி என்றார். ஆனால் பெரிய ரோட்டில் ஏறியதும் அவர் முகம் மாறியதை என்னால் எழுதிக் காட்ட முடியாது. முதுகு நிமிர்ந்தது. கழுத்து நீண்டது. பக்கத்தில் போகிற லாரியைப் பார்த்து, லேன் மாறாமப் போறான் பாரு, நல்ல புள்ள என்று பாராட்டினார். என்னிடம் இளநீர் வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்டார். ஓய்வுக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வாடகை, பெர்மிட், கவுன்டர் சண்டை எல்லாம் அந்த ஒரு முகத்துக்குத் தகும் என்று தோன்றியது.

மலை ஏறுவதற்கு முன்னால் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற ஓய்விடம் ஒன்றில் வண்டியைத் திருப்பினார். உள்ளே நுழைகிற வளைவில்தான் அது நடந்தது. வளைவு வந்ததும் அவருடைய இடது கால் தானாக எழுந்து இல்லாத கிளட்சை மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி தூக்கிப் போட்டுக் குலுங்கியது. அவர் பதறிக் காலை எடுத்து ஸ்டியரிங்கை ஒடித்ததில், இடது பக்கம் முழுவதையும் ஒரு குட்டையான சிமெண்ட் தூண் உரசிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் நீளமாக இருந்தது. நான் உட்கார்ந்திருந்த கதவிலிருந்து பின் சக்கரம் வரை நசுங்கல். யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நகக்கீறல்கூட இல்லை.

அவர் இறங்கி வந்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தார். காலைத்தான் திட்டினார். "இந்தக் காலு சும்மா இருக்க மாட்டேங்குதே" என்றார். நான் கேட்காத மாதிரி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன்.

வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். சக்கரம் உரசாமல் ஓடுகிறதா, ஓடுகிறது என்றால் ஓட்டலாம், போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் காப்பீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்றார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டேன். அவள் முதலில் அழுதாள், அப்புறம் அதிகாரம் செய்தாள். "அப்பா ஓட்டுனது போதும்மா. அங்கயே இருங்க. நாங்க பஸ் புடிச்சு வாரோம், இவரு ஓட்டிக்கிட்டு வந்துருவாரு" என்றாள். போனில் சத்தம் அதிகம். அவர் காதில் விழுந்துவிட்டது.

அவர் சாவியை என் கையில் வைத்தார். சுற்றிக்கொண்டு போய், நசுங்கிய கதவைக் கொஞ்சம் முட்டி இழுத்துத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். நிற்கிற வண்டியில் பெல்ட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. டிரைவர் சீட் காலியாக இருக்கும்போது அவர் தானாகப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டி நசுங்கியது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. இந்த மனுஷன் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆசைப்பட்டுச் செய்த காரியம் அவரிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்த நிலையில்தான், வண்டிக்கு முன்னால் நின்றபடி, கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். சின்னப் பெண் குரல், பட்டணத்துத் தமிழ். கார்டு என்னுடையதுதானா, வாடகையை அதில்தான் கட்டினேனா, கம்பெனியின் காப்பீட்டை மறுத்தேனா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி டாண் டாண் என்று சொன்னேன். பிறகு வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுலதாம்மா ஓட்டுனாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். வீட்டுக்கு உள்ளே கார் நிறுத்துகிற இடமா, காம்பவுண்டா என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. ஓய்விடத்தில், சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் என்றேன். அவள் குழம்பிப் போய், இதுவரை எழுதியதை வாசித்தாள். சம்பவம் நடந்த இடம் வீடு, ஓட்டியவர் தெரியவில்லை.

வீட்டுல என்றால் வீட்டுக்காரர் என்று விளக்கினேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி மேடம், சார் பேர் என்ன என்றாள். கார்டில் என் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்து அவர்தான் என்றேன். முழுப்பெயர் வேண்டுமாம். லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அதெல்லாம் பிறகு, இப்போது பேச்சு பதிவாகிறது, நான் வாயால் சொன்னால்தான் புகாரே திறக்குமாம். பெயர் சொல்கிற பழக்கம் இல்லையம்மா என்று மெதுவாகச் சொன்னேன். அவளும் குரலைத் தாழ்த்தி, எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க மேடம், ஆனா சார் பேரு எனக்குத் தெரிஞ்சாலும் நான் எடுத்துக்குடுக்கக் கூடாது என்றாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுத்தெழுத்தாக இங்கிலீஷில் சொன்னால் அது சொல்வதில் சேராது, எழுதுவதில்தான் சேரும். அப்படியே சொன்னேன். மாமியாரை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் எனக்கு. ஆனால் லைன் கரகரத்துக்கொண்டிருந்தது. அவள் எதை எதாகக் கேட்டாளோ, கடைசியில் முழுப்பெயரையும் சேர்த்து வாசித்தபோது அது வேறு யாரோ ஒரு ஆம்பளையின் பெயராக இருந்தது. கார்டுக்காரரின் கணவர், வண்டியை ஓட்டியவர் என்று அந்த ஆளின் பெயர் பதிவாகிக்கொண்டிருந்தது. அவன் யார், அவனோடு நான் எதற்கு மலையேறப் போக வேண்டும்? எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். முழுப்பெயரையும், ஒரு எழுத்து விடாமல், நல்ல சத்தமாக.

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. நாக்கு நுனி மரத்துப்போன மாதிரி இருந்தது. முதல் வேலையாக அவரைப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிறாரா என்று ஒரு கணம் உண்மையிலேயே கவனித்தேன். படித்தவள், ஓய்வு பெற்ற அதிகாரி, பட்டப்பகலில் புருஷன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். "இனிமே வண்டியை ஓட்டப்போறது யாரு மேடம்? ஒப்பந்தத்துல பேர் இல்லாதவங்க ஓட்டுனா அதுக்கப்புறம் கவர் ஆகாது."

மருமகன் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. இருந்தது இரண்டே பெயர், என்னுடையதும் அவருடையதும். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். இழுவை வண்டி வரவழைக்கிறோம் என்றும் சொல்லியிருக்கலாம், மகள் அதைத்தான் விரும்பியிருப்பாள். நான் அவரைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னேன். இந்தத் தடவை கோபத்தில் வரவில்லை. நானே யோசித்துச் சொன்னேன், அவருக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டு மகளுக்குச் செய்தி அனுப்பினேன். மாப்பிள்ளை ஓட்டினால் காப்பீடு செல்லாது, அப்பாதான் ஓட்ட வேண்டும், இது கார்டு கம்பெனி சட்டம் என்று கொஞ்சம் கூட்டியே எழுதினேன். பிறகு போய்க் கதவருகில் நின்று சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். இந்த மனுஷனுக்கு இனிமேல் என்ன சொல்லிப் புரியவைப்பது என்று நான் நினைத்தபோது அவரே பேசினார்.

"டெப்போல டிரைவருன்னாங்க. தெருவுல அண்ணேன்னாங்க, மாமான்னாங்க. வீட்டுல ஏங்க, அப்பா. எங்க ஆத்தா ஒருத்திதான் பேரு சொல்லிக் கூப்புடும். அது போனதுக்கப்புறம் நம்ம மனுசங்க யாரும் அந்தப் பேரை வாயால சொல்லி நான் கேக்கல" என்றார். "யாரையோ கூப்புடுறியோன்னு நெனச்சேன்."

நான் வேண்டுமென்றே முறைத்தேன். "ஒங்களத்தான் கூப்புட்டேன்" என்றேன்.

அவர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது கால் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, அந்தக் காலைச் சீட்டோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டார். வழியில் போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டு மலையில் ஏறினோம். வளைவு வரும்போதெல்லாம் அந்தக் கால் ஒரு துடிப்புத் துடித்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலும் எழவில்லை. மேலே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து அவர் ஒன்றும் பிரமாதமாகச் சொல்லவில்லை, நல்லா ஏறுது வண்டி என்றார்.

ஊருக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் அலைக்கழித்த பிறகு காப்பீடு கிடைத்தது. அதற்காக நான் போட்ட கடிதப் போக்குவரத்தைச் சொன்னால் அது தனிக்கதை. இப்போது எங்களிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது, கிளட்ச் உள்ளது. ஆவூருக்குக் கல்யாணத்துக்குப் போவதும், ஆவுடையார்கோவிலுக்குச் சாமி கும்பிடப் போவதும் அதில்தான். வீட்டில் மறுபடியும் 'ஏங்க' வந்துவிட்டது. குருக்களும் பழையபடி அவரே பெயர் சொல்லிக்கொள்கிறார்.

ஆனால் சில நாள், எங்காவது கிளம்பும்போது, அவர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே ஏறாமல் நிற்கிறார். சாவி கையில் இருக்கும், வண்டியில் குறை ஒன்றும் இருக்காது. தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நான் அவர் பெயரைச் சொல்கிறேன். ஏறி உட்காருகிறார்.